தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்த தப்பான விடை

அரையைக் காலால் வகுக்கச் சொன்னால், காலைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்குகிறோமே, ஏன் திருப்புகிறோம்?

பாத்திரம் கழுவிக்கொண்டே அண்ணி இதைக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனைக்கும் நான் அப்போதுதான் பள்ளிப் படிப்பை முடித்திருந்தேன். கணக்கில் நல்ல மதிப்பெண். அதனால்தான் அண்ணன் எனக்கு ‘மேதை’ என்று பேர் வைத்திருந்தான். அதில் பாராட்டு பாதி, கிண்டல் பாதி.

“திருப்பணும், அவ்வளவுதான் அண்ணி. அது ரூல்.”

“யாரு போட்ட ரூல்?”

“எங்க கணக்கு டீச்சர் சொன்னாங்க.”

“அவங்களுக்கு யாரு சொன்னாங்க?”

“அவங்க டீச்சர் சொல்லியிருப்பாங்க.”

“அப்போ பரம்பரைச் சொத்துன்னு சொல்லு. பத்திரமா வச்சுக்கோடி, வித்துடாதே.”

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் கால் லிட்டர் டம்ளர் ஒன்று. “எத்தனை டம்ளர் வருதுன்னு ஊத்திப் பாரு” என்றார். இரண்டு வந்தது. அரைக்குள் எத்தனை கால் இருக்கிறது என்பதுதான் கேள்வியாம். முழு லிட்டரில் நாலு டம்ளர். அந்த நாலுதான் திருப்பிப் போட்ட கால். அரை லிட்டரில் அதில் பாதி. அவ்வளவுதான் விஷயம். இத்தனை வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பெருக்கிய எனக்கு இதை யாரும் ஊற்றிக் காட்டவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. முழு மார்க் போட்டவர்கள் எதற்குப் போட்டார்கள்?

“உனக்குத் தெரியும்னு நினைச்சுப் போட்டாங்க” என்றார் அண்ணி.

இது அண்ணியைப் பற்றிய கதை. ஆசிரியர் பயிற்சியில் அவருக்கு என்ன நடந்தது என்று எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக இருக்கிறது. சுருக்கமாகச் சொல்லவும் வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அண்ணி இருபது வயதிலிருந்து ஒரு மருந்துக் கடை கவுன்ட்டரில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அதே கடைதான். குழந்தைகளுக்கான மருந்து பாட்டிலோடு ஒரு சின்ன மூடி வருமே, அதில் கோடு போட்டிருக்கும். எந்தக் கோடு வரை ஊற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்புவது அவர் வேலை. ஒருநாள் ஒருவரிடம், அரை மூடி, ஒரு நாளைக்கு மூன்று தடவை என்று சொல்லியிருக்கிறார். “புரிஞ்சுதா?” என்று கேட்டதற்கு அந்த ஆள், “புரிஞ்சுது, புரிஞ்சுது” என்று தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் வந்து, பிள்ளை எழுந்திருக்கவே மாட்டேன் என்று தூங்குகிறது என்றார். மூன்று தடவை அரை என்றால் ஒன்றரை மூடிதானே, அதை ஒரே தடவையாகக் கொடுத்துவிட்டால் வேலை மிச்சம் என்று கொடுத்திருக்கிறார்! நல்ல வேளை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து அண்ணி ‘புரிஞ்சுதா’ என்று யாரையும் கேட்டதில்லை. மூடியையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் நீட்டி, “ஊத்திக் காட்டுங்க” என்பார். சிலர் முறைப்பார்கள். “நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்பார்கள். ஆனால் பாதிப்பேர் தப்பாகத்தான் ஊற்றுவார்களாம். கடை வாசலில் வரிசை நீண்டுகொண்டே போனது. ஒருநாள் முதலாளி பொறுமையிழந்து கத்தினார். “ஏம்மா, நீ மருந்து விக்கிறியா, பள்ளிக்கூடம் நடத்துறியா?”

அவர் திட்டினார். அண்ணி அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். அடுத்த சேர்க்கையிலேயே ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

கூடப் படித்தவர்களெல்லாம் அவரைவிடச் சின்னவர்கள், ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவர்கள். பாடங்கள் அண்ணிக்குப் பிடித்திருந்தன. சாயங்காலம் வந்ததும் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்வார். பிள்ளைகள் தப்பு செய்யும்போது கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை, அதற்கு அவர்களிடம் ஒரு காரணம் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டால்தான் மேலே சொல்லிக்கொடுக்க முடியும் என்பார். வருஷக் கடைசியில் வைக்கிற பரீட்சை ஒன்று. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் எதுவரை வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு வளரறி மதிப்பீடு என்று பேர். “நான் கடையில பண்ணினதுக்கு இவ்வளவு பெரிய பேர் இருக்குன்னு தெரியாமப் போச்சேடி” என்று சிரித்தார்.

கற்பித்தல் முறை வகுப்பெடுத்த விரிவுரையாளருக்குப் பயிற்சி மாணவர்கள் வைத்திருந்த பேர் ‘கடைசி பெஞ்சு’. பயிற்சி மாணவர்கள் பள்ளிகளில் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போடுகிறவர் அவர்தான். அவர் வகுப்பெடுப்பதை அண்ணி அப்படியே நடித்துக் காட்டுவார். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அறையில் மேலும் கீழும் நடந்துகொண்டு: “‘பிள்ளை வெறும் பாத்திரம் அல்ல. அது தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது.’ எழுதிட்டீங்களா? ‘ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது பழைய முறை.’ ம், வேகமா எழுதுங்க, அடுத்த பாயின்ட் போகணும்.”

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும்தான். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

எழுத்துத் தேர்வில் அண்ணிதான் முதல். ஆனால் இந்தப் படிப்பில் எழுத்துத் தேர்வு மட்டும் போதாது. கடைசியில் ஒரு பள்ளியில், உண்மையான பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை பாடம் நடத்த வேண்டும். அதில் தேறினால்தான் சான்றிதழ். அண்ணி பின்ன வகுத்தலை எடுத்துக்கொண்டார். பாட்டில், டம்ளர், தண்ணீர் எல்லாம் கொண்டுபோய்ப் பிள்ளைகளையே ஊற்றிப் பார்க்கச் சொன்னார். ஊற்றினார்கள், சிந்தினார்கள், சண்டை போட்டார்கள், கண்டும் பிடித்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பாடக்குறிப்பில் எழுதியிருந்த ‘மதிப்பீடு’, ‘வீட்டுப்பாடம்’ ஆகிய இரண்டு கட்டங்களுக்கும் அண்ணி வந்து சேரவேயில்லை. கடைசி பெஞ்சு தேர்ச்சியில்லை என்று போட்டுவிட்டார். வகுப்பில் சத்தம் என்று வேறு குறிப்பு.

அண்ணன் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறான். விஷயம் தெரிந்ததும், “லிஃப்ட் நடுவுல நின்னா எனக்கு போன் போடுவாங்க. உன் பாடம் நடுவுல நின்னா யாருக்கும்மா போன் போடுறது?” என்றான்.

அண்ணி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து முழுப் படிப்பையும் மறுபடி படிக்க வேண்டும். மருந்துக் கடை வேலையை விட்டாயிற்று. அந்தக் கவுன்ட்டரில் இப்போது வேறு ஒரு பெண் நிற்கிறாள். ஆகவே எங்கள் வீட்டில் எல்லாருடைய நினைப்பும் அந்த இரண்டாவது பாடத்தின் மேலேயே இருந்தது.

இரண்டாவது தடவை அவருக்குக் கொடுத்த பள்ளியில் ஒரு நீளமான கூடத்தைப் பலகையால் தடுத்து இரண்டு வகுப்பாக்கியிருந்தார்கள். பலகை கூரை வரை போகாது. ஒரு பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். ஒரு பாதியில் அண்ணிக்குக் கொடுத்த ஐந்தாம் வகுப்பு, மறுபாதி அப்போது காலி. அதன் வகுப்பு டீச்சர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு, தொண்டை கட்டிப்போய், எப்போதும் ஒரு வெந்நீர்ப் பாட்டிலோடு திரிகிறவர். அவர் அண்ணியிடம் முதல் நாளே ஏழெட்டுப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டார். “நான் பாடத்தை முடிக்கணும். இதுங்க என் காலைப் பிடிச்சு இழுக்குதுங்க. நீங்க பழகறதுக்கு இவங்களை வச்சுக்கோங்க, டீச்சரம்மா.”

அந்தப் பிள்ளைகளுக்குத்தான் அண்ணி தடுப்புக்கு அந்தப் பக்கத்தில், மருந்து மூடிகளை வைத்துக்கொண்டு பின்னம் சொல்லிக்கொடுத்தார். சாயங்காலங்களில் அவர்களைப் பற்றித்தான் பேச்சு. டமாரம் என்று ஒருவன். மெதுவாகப் பேசவே தெரியாதவன். பென்சில் என்று ஒரு பெண், அவ்வளவு ஒல்லி, அவ்வளவு கூர்மையான வாய். “இன்னைக்கு டமாரம் என்ன சொன்னான் தெரியுமா? கால் பெரிசா, அரைக்கால் பெரிசான்னு கேட்டா, அரைக்கால்தான் பெரிசாம். ஏன்டான்னா, பேரே நீளமா இருக்கு டீச்சர்ங்கறான்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும், “யோசிச்சுத்தான் சொல்லியிருக்கான்” என்பார்.

தேர்வு நாள் நெருங்கியபோது வகுப்பு டீச்சர் இன்னொரு ஏற்பாட்டையும் சொன்னார். அது அந்தப் பள்ளியில் மட்டும் நடப்பதில்லையாம். பயிற்சி மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும், அதற்கு ‘வடிகட்டல்’ என்று பேர்கூட உண்டு. மேற்பார்வையாளர் வருகிற நாளில் மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளை வேறு இடத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். மிச்சம் இருக்கிறவர்களை வைத்து முதல் நாளே அதே பாடத்தை ஒத்திகை பார்த்துவிடுவார்கள். எந்தக் கேள்விக்கு யார் எழுந்து என்ன சொல்வது என்பது வரைக்கும் முடிவாகிவிடும்.

அண்ணிக்கு அது கொஞ்சமும் ஒப்பவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணனிடம் சொன்னார்.

“ஒரு நாள்தானே? நடிச்சுட்டுப் போயேன். என்ன குறைஞ்சுடும்?” என்றான் அண்ணன்.

“நான் இவ்வளவு நாள் யாருக்குச் சொல்லிக்கொடுத்தேனோ அவங்களையே வெளியில உட்கார வைக்கச் சொல்றாங்க.”

“வெளியில இல்லையே, பக்கத்து அறையிலதானே?”

அம்மா குறுக்கே வந்தாள். “ஏம்மா, சான்றிதழை முதல்ல கையில வாங்கு. அப்புறம் உன் வகுப்பு, உன் பிள்ளைங்க. உன் இஷ்டத்துக்குத் தண்ணியில நீச்சலே சொல்லிக்கொடு. யாரு கேட்கப் போறா?”

அம்மா சொன்னதுதான் எனக்கும் சரியென்று பட்டது. நானும் அதையே சொன்னேன். அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் ஒத்திகை நடந்தது. “எல்லாரும் அழகாச் சொன்னாங்க” என்று மட்டும் வந்து சொன்னார். வழக்கம்போல எதையும் நடித்துக் காட்டவில்லை.

அப்போது ஒரு சிக்கல் வந்தது. வடிகட்டிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அன்றைக்குப் பள்ளியில் ஆள் இல்லை. “உங்க நாத்தனார் வீட்டுல சும்மாதானே இருக்கா? வரச் சொல்லுங்க” என்று வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டார். சும்மா இருக்கிறாள் என்று எங்கள் ஊரில் என்னைப் பற்றிச் சொல்லாதவர்கள் இல்லை. பள்ளியை முடித்தவர்களைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே கேள்வி, அடுத்து என்ன? அதற்குப் பதில் சொல்லி அலுத்துப்போயிருந்த எனக்கு, ஒரு வேலை என்று வந்ததே போதும் என்றிருந்தது. போனேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்தில் அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். படம் வரையச் சொல்லித் தாள் கொடுத்திருந்தார்கள். டமாரம் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“நீங்க புது டீச்சரா?”

“இல்ல. சும்மா வந்திருக்கேன். சத்தம் போடாதே.”

“நான் மெதுவாத்தான் பேசுறேன்!” என்றான். ஜன்னல் கம்பி அதிர்ந்தது.

பென்சில், “இவன் மெதுவாப் பேசினா இப்படித்தான் இருக்கும். சத்தம் போட்டா நீங்க வீட்டுக்கே போயிடுவீங்க” என்றாள்.

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கடைசி பெஞ்சு வந்து உட்கார்ந்துவிட்டார். பலகைக்கு நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருந்தது. அதன் வழியாக அண்ணியின் ஒரு தோளும் கரும்பலகையில் பாதியும் எனக்குத் தெரிந்தன.

பாடம் வழுவழுவென்று போனது. அண்ணி கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. எழுந்தவர்கள் அழகாக எழுந்தார்கள், உட்கார்ந்தவர்கள் அழகாக உட்கார்ந்தார்கள். ஒரு சிறுவன் அவசரத்தில் அடுத்த கேள்விக்கான பதிலை முந்திச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அண்ணியும் அதைக் கவனிக்காததுபோல அடுத்த கேள்வியை முதலில் கேட்டுச் சமாளித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதோ, முடியப் போகிறது. மதிப்பீடு கட்டத்துக்கே வந்துவிட்டார்.

“முக்காலை அரையால் வகுத்தால் என்ன வரும்?”

“ஆறு பை நாலு டீச்சர்!” மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. திருப்பிப் போட்டுப் பெருக்கினால் அதுதான் வரும். பாடக்குறிப்பிலும் அதுதான் இருந்தது. வீட்டுப்பாடத்தைச் சொல்லிவிட்டால் முடிந்தது.

அண்ணி வீட்டுப்பாடத்தைச் சொல்லவில்லை. அந்த ஒரே குரல் அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். மருந்துக் கடையில் அத்தனை வருஷம் தலையாட்டல்களைப் பார்த்தவர் அல்லவா?

“சரி. அந்த ஆறு பை நாலு, ஒண்ணைவிடப் பெரிசா, சின்னதா?”

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. நாக்கைக் கடித்துக்கொண்ட சிறுவன் வகுப்பு டீச்சரைத் திரும்பிப் பார்த்தான்.

“முக்கால் லிட்டர் தண்ணி இருக்கு. அரை லிட்டர் டம்ளர்ல ஊத்துறேன். எத்தனை டம்ளர் வரும்?” என்றார் அண்ணி. அப்போதும் அந்தப் பக்கம் அமைதி.

என் பக்கத்தில்தான் வெடித்தது. “ஒண்ணே கால்!” என்று கத்தினான் டமாரம்.

நான் பாய்ந்து அவன் வாயைப் பொத்தப் போனேன். அதற்குள் பென்சில் எழுந்துவிட்டாள். “போடா, ஒண்ணரை!”

“ஒரு டம்ளர் ஊத்தினா மிச்சம் கால் லிட்டர்டி! ஒண்ணும் காலும் ஒண்ணே கால்!”

“அந்தக் கால் லிட்டர் டம்ளர்ல எதுவரைக்கும் வரும்? பாதி வரைக்கும்! அப்போ அது அரை டம்ளர்!”

“கால் எப்படி அரையாகும்? டீச்சர், இவ காலை அரைங்கறா!”

மற்றவர்களும் கட்சி பிரிந்துவிட்டார்கள். “உஷ், உஷ்” என்றேன். யாருக்குக் கேட்கிறது? இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்து, “நீங்க சொல்லுங்க, யாரு சரி?” என்றார்கள். எனக்குச் சட்டென்று தெரியவில்லை. டமாரம் சொன்னதும் சரிபோலத்தான் இருந்தது. மிச்சம் கால் லிட்டர்தானே?

அந்தப் பக்கம் கடைசி பெஞ்சின் குரல் கேட்டது. “யாரது அங்கே?”

வகுப்பு டீச்சர் முந்திக்கொண்டார். “அது வேற கிளாஸ் சார். நீங்க தொடருங்க, டீச்சரம்மா.”

இடைவெளி வழியாகப் பார்த்தேன். அண்ணி சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுப்பாடம் ஒரே ஒரு வரி. அதைச் சொல்லிவிட்டால் சான்றிதழ். சொல்லிடுங்க அண்ணி, சொல்லிடுங்க என்று நான் மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணே கால்னு சொன்னது யாரு?” என்று அண்ணி தடுப்புப் பலகையைப் பார்த்துக் கேட்டார்.

“நான்தான் டீச்சர்! டமாரம்!”

“இங்க வா. எல்லாரும் வாங்க. ஏன் ஒண்ணே கால்னு வந்து சொல்லு.”

பிள்ளைகள் என்னைத் தாண்டி ஓடினார்கள். நானும் பின்னால் போய் வாசலில் நின்றேன். டமாரம் தன் காரணத்தைச் சொன்னான், பென்சில் தன்னுடையதைச் சொன்னாள். அண்ணி யார் சரி என்று சொல்லவேயில்லை. மேசையடியிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தார். ஒத்திகைப் பிள்ளைகளில் ஒரு பெண் மெதுவாகக் கை தூக்கி, “ரெண்டு பேரும் ஒரே தண்ணியைத்தான் சொல்றாங்க டீச்சர். இவன் லிட்டர்ல சொல்றான், அவ டம்ளர்ல சொல்றா” என்றாள். வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. டமாரம் வாயைத் திறந்தபடி நின்றான். பிறகு, “கேள்வி எதுல டீச்சர், லிட்டர்லயா, டம்ளர்லயா?” என்று கேட்டான். அவன் குரல் முதல் தடவையாகச் சின்னதாக இருந்தது.

“நீதான் சொல்லணும். நான் என்ன கேட்டேன்?”

“எத்தனை டம்ளர்னு… அப்போ ஒண்ணரை.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா மிச்சம் கால் லிட்டர்தான்” என்றான் விட்டுக்கொடுக்காமல்.

“ஆமா. அதுவும் சரிதான்” என்றார் அண்ணி.

மணி அடித்தது.

தாழ்வாரத்தில் கடைசி பெஞ்சு அண்ணியிடம் பேசினார். நான் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

“பதிவேட்டுல இருக்கிற பிள்ளைங்க வகுப்புல இல்ல. பாடக்குறிப்பும் முடியல. நான் என்னம்மா போடுறது?”

“பிள்ளைங்களைப் பிரிச்சது தப்புதான் சார். ஒத்துக்கறேன். ஆனா மதிப்பீடு நடந்துச்சே சார். அந்தச் சண்டைதான் மதிப்பீடு. யாருக்கு எதுவரைக்கும் தெரியும்னு உங்களுக்கே தெரிஞ்சுச்சு இல்லையா?”

“தெரிஞ்சுது.”

“நீங்க எழுதிக்கச் சொன்னதைத்தான் சார் பண்ணினேன்.”

அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். “கேள்விகளை வரிசையாக் கேட்டாரா, பதில்களைப் பலகையில எழுதினாரா, வீட்டுப்பாடம் கொடுத்தாரா? எனக்குக் குடுத்திருக்கிற படிவத்துல இருக்கிறது இவ்வளவுதாம்மா. ஒரு பையன் தன் மனசை மாத்திக்கிட்டான்னு நான் எங்க எழுதுறது?”

வகுப்பு டீச்சர் தூரத்தில் வெந்நீர்ப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வடிகட்டச் சொன்னது தான்தான் என்று அவர் வாய் திறக்கவில்லை. அண்ணியும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொல்லப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

தேர்ச்சியில்லை. காரணங்களில் முதலாவது, பிள்ளைகளை வகுப்பிலிருந்து ஒதுக்கியது. அதை வேண்டவே வேண்டாம் என்று எங்கள் வீட்டில் சொன்ன ஒரே ஆள் அண்ணி!

அண்ணன் அன்று சாயங்காலம் கொதித்துப்போனான். அவனுக்கு அண்ணி மேல்தான் கோபமா, இல்லை எல்லார் மேலுமா என்று அவனுக்கே தெரியவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

“ஒரு வரி. ஒரே ஒரு வரி சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அந்தப் பையன் கத்தினா கத்திட்டுப் போறான். கேட்காத மாதிரி இருந்திருக்கக் கூடாதா?”

“கேட்டுச்சே” என்றார் அண்ணி.

அம்மா மூன்று பேருக்கும் டீ போட்டு வைத்தாள். அது ஆறிப்போகும் வரை யாரும் எடுக்கவில்லை.

அண்ணி இப்போது மறுபடி முதலிலிருந்து படிக்கிறார். அதே கட்டடம், அதே விரிவுரையாளர், அதே வரிகள். போன வருஷக் குறிப்புகள் தன்னிடம் இருக்கின்றன என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். “பரவாயில்ல, திரும்ப எழுதுங்க, மனசுல நிக்கும்” என்றாராம் கடைசி பெஞ்சு. கூடப் படிக்கிற பிள்ளைகள் இன்னும் சின்னவர்கள். அக்கா போய் இப்போது ‘ஆன்ட்டி’ ஆகிவிட்டது. அதையும் வந்து நடித்துக் காட்டினார். சிரித்தோம். ஆனால் முன்போல அடக்க முடியாமல் சிரிக்கவில்லை.

அந்தப் பள்ளியில் வடிகட்டல் நின்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இப்போது மேற்பார்வையாளர் வருகிற நாளில் அந்தப் பிள்ளைகளை மைதானத்துக்கு அந்தப் பக்கம், பழைய பெஞ்சுகள் போட்டிருக்கும் கொட்டகைக்கு அனுப்புகிறார்களாம். அங்கிருந்து கத்தினால் வகுப்புக்குக் கேட்காது. டமாரம் கத்தினால்கூட.

என்னிடம் இன்னும் எல்லாரும் அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இதை எழுதி முடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது, எழுதிவிட்டேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆசிரியர் பயிற்சிக்குப் போகிறவர் யாராவது இருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். யாருடைய பாடத்துக்காவது மதிப்பெண் போடுகிற இடத்தில் இருப்பவர் ஒருவரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் ‘புரிஞ்சுதா’ என்று மட்டும் கேட்காதீர்கள். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.